மைக்கை மூடும் கை

எனக்கு ஓட்டு கிடையாது. பதினாறு வருஷமாக அமெரிக்காவில் வரி கட்டுகிறேன், பனி அள்ளுகிறேன், வேலை விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கை ஓய்ந்துவிட்டது. ஓட்டு மட்டும் கிடையாது. தேர்தலில் நிற்கும் யாருக்கும் ஒரு சென்ட் நன்கொடை தரவும் அப்போது எனக்கு உரிமை இருக்கவில்லை. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டான் கொடுத்தால் அது குற்றம். அப்படிப்பட்ட நான்தான் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு செனட் தேர்தலுக்கு நாலு கோடியே பத்து லட்சம் டாலர் வசூலாக வழி செய்து கொடுத்தேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

பெயர் நீலகண்டன். பேராவூரணிப் பக்கம் தெருவுக்கு மூன்று நீலகண்டன் இருப்பான். கொலம்பஸ் நகரத்து ஆபீசில் நான் ஒருவன்தான். அதையும் வெட்டி ‘நீல்’ ஆக்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனி மேசைவிளக்கு செய்தது. பார்க்க இட்லிச் சட்டி மூடி மாதிரி இருக்கும். சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தால், தூரத்தில் இருப்பவர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒளியில் தெரிவார்கள். முகம் பார்த்துப் பேசலாம். சோறுதான் பரிமாற முடியாது. ஒருவருடைய முகத்தையும் குரலையும் கற்றுக்கொண்டு, அவரைப் போலவே ஆயிரம் வீட்டு மேசைகளில் ஒரே நேரத்தில் உட்காரவும் அதற்குத் தெரியும். ஒரே குறை, பத்து நிமிஷம் ஓடினால் மேல்மூடி அடுப்புக் கல்லாகச் சுடும். ‘தொடாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தோம். பண்டிகைக்குப் பிள்ளைகள் வர முடியாத வீடுகளுக்காகச் செய்த சாமான். விற்கவில்லை. கம்பெனி மூடும் நிலைக்கு வந்தபோதுதான் டெனிஸ் கோவால்ஸ்கி வந்தார்.

டெனிஸ், செனட் வேட்பாளர் மார்கரெட் ஹாலண்டின் நிதிப் பொறுப்பாளர். ஐம்பது வயது, கையில் மூன்று போன்.

“எங்க வேட்பாளர் நாள் பூரா என்ன பண்றாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“மீட்டிங், பேச்சு...”

“ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல அஞ்சு மணி நேரம் உக்காந்து பணக்காரங்களுக்குப் போன் பண்றாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு சீட்டு நீட்டிக்கிட்டே இருக்கும். இவரு பேரு, இவரு நாய் பேரு, போன தடவை குடுத்தது, இந்தத் தடவை கேக்க வேண்டியது. அப்படிக் கேட்டாலும் ஒரு ஆள்கிட்ட இவ்வளவுதான் வாங்கலாம்னு சட்டத்துல வரம்பு இருக்கு. அதனால ஆள் நிறைய வேணும். சின்னச் சின்ன ஆளுங்க, லட்சக்கணக்குல.”

“அவங்களுக்கு மெசேஜ் அனுப்புவீங்களே?”

“அனுப்பி அனுப்பி ஜனங்களுக்கு மரத்துப் போச்சு. கோபம் வர வச்சுப் பாத்தோம், பயம் காட்டிப் பாத்தோம். வேற என்னதான் மிச்சம் இருக்கு?”

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“எங்க ஊர்ல வெக்கத்துல குடுப்பாங்க” என்றேன்.

மொய் விருந்தை விளக்கினேன். இன்று நான் உனக்குச் செய்கிறேன், நாளை நீ எனக்குக் கூடப் போட்டுச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை, பேரும் தொகையும் மைக்கில் வாசிக்கப்படுவதை, வாசிக்கும்போது ஊரே காது கொடுப்பதை எல்லாம் சொன்னேன். டெனிஸ் ஒரு போனைக் கீழே வைத்தார். அதுவரை அவர் போனைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

வீரையன் கதையையும் சொன்னேன். எனக்குப் பதினொரு வயது. தேங்காய் விலை படுத்துக் கிடந்த வருஷம். எங்களுக்கு இருநூறு செய்த வீட்டுக்கு அப்பா ஐம்பது ரூபாயோடு போய் நின்றார். மைக்கில் இருந்த வீரையன் அந்த நோட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டு எழுதுகிறவரிடம் தொகையை முணுமுணுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் சேர்த்து, “ஆவணம் ராமையா, மொய் வந்தது!” என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். அப்பா நிமிர்ந்த தலையோடு வந்து என் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தார்.

“அந்தக் கையும் வேணும்,” என்று டெனிஸிடம் சொன்னேன். “அது இல்லன்னா மொய் இல்ல, அவமானம்.”

“தாராளமா வைங்க” என்றார்.

ஏழு மாதத்தில் செய்து முடித்தேன். நாற்பது வீடு சேர்ந்தால் ஒரு பந்தி. ஞாயிறு சாயங்காலம் நாற்பது மேசைகளிலும் விளக்கு எரியும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிவார்கள். யார் யாருக்கு எதிரில் கை சுருங்கி நிற்க வெட்கப்படுவார்களோ அவர்களையே விளக்கு ஒரு பந்தியில் சேர்க்கும். ஒவ்வொரு மேசையிலும் ஹாலண்ட் உட்கார்ந்து பேசுவார். பிறகு ஒரு பெயரை அழைப்பார். மூன்று விநாடி மௌனம். அந்த மூன்று விநாடியை நான்தான் அளந்து வைத்தேன். இரண்டு போதவில்லை, நாலு வைத்தால் ஆட்கள் கோபப்படுகிறார்கள். தொகை சொன்னதும் பேரோடு அறிவிப்பு, நாற்பது வீட்டுக் கைதட்டல். நடுவில் விளக்கை அணைத்தால், ‘இவர் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார்’ என்று மற்ற வீடுகளுக்குச் சொல்லும். அதுவும் என் யோசனைதான். குரல் நடுங்கினாலோ, கை தயங்கினாலோ, தொகையைச் சொல்லாமல் பெயரை மட்டும் வாசிக்கும் ஒரு பகுதியும் எழுதினேன். அதற்கு ‘வீரையன்’ என்று பெயர் வைத்தேன்.

வெள்ளோட்டம் முடிந்த வாரம் டெனிஸ் என் மேசைக்கு வந்தார்.

“வீரையன் யாரு?”

சொன்னேன்.

“நல்ல மனுஷன். ஆனா அவரால வசூல்ல பத்தொம்பது சதவீதம் போகுது. தொகைய வாசிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆளுங்க குறைச்சுக்கிறாங்க.”

அவர் என்னை மிரட்டவில்லை. தோளில் தட்டிக் கொடுத்தார். கம்பெனி மூடினால் விசா போகும், விசா போனால் கிரீன் கார்டுக்கு நின்ற இத்தனை வருஷ வரிசை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரலில் ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் போதும், அந்தப் பகுதி ஓடாது. போட்டேன். அரை நிமிஷ வேலை. இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மொய்ப் பணம் ஒரு நாள் கொடுத்தவன் வீட்டுக்குத் திரும்பி வரும். இது வராது. பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதிப் பாதியைத்தான் நான் விற்றேன்.

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்தவர் ஜெரால்டு அண்ணன். தூத்துக்குடிக்காரர். கப்பலில் சமையல் வேலைக்கு வந்து, இங்கேயே தங்கி, குடியுரிமை வாங்கி, அறுபது வயதில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெசிந்தா அக்கா முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கும் என் மனைவிக்கும் இங்கே இருந்த ஒரே சொந்தம் அவர்கள்தான்.

“ஏல தம்பி, ஞாயித்துக்கிழம சாயங்காலம் வா. வீட்டுல உன் வெளக்க வாங்கி வச்சிருக்கேன். சாள மீன் கொழம்பு” என்று கூப்பிட்டார்.

“உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?”

“நம்ம பய செஞ்ச சாமான் நம்ம வீட்டுல இல்லன்னா எப்படி? டிப்போவுல எல்லாவனுட்டயும் சொல்லியிருக்கேன்லா.”

போனேன். மேசை நடுவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணனின் டிப்போ சூப்பர்வைசர், சர்ச் ஆட்கள், தமிழ்ச் சங்கத்து இரண்டு குடும்பம் என்று நாற்பது வீடும் சுற்றி ஒளியில் உட்கார்ந்திருந்தது. இருநூறு, முந்நூறு, ஐந்நூறு என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் ஐந்நூறு சொன்னார். ஹாலண்ட் அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“ஜெரால்டு, போன வாரம் நீங்க உங்க சூப்பர்வைசர் பந்தியில சாப்பிட்டீங்க. இன்னைக்கு அவர் உங்க பந்திக்கு வந்திருக்கார்.”

ஒன்று. அண்ணன் கையை பேண்ட்டில் துடைத்தார். அவர் கணக்கில் அறுபது டாலர்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் வாடகை கட்டியதைச் சொல்லியிருந்தார். இரண்டு. ஜெசிந்தா அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார்.

கார் மெக்கானிக்குக் கொடுக்க வைத்திருந்த ஐந்நூறு டாலர் என் சட்டைப் பையில் இருந்தது. யோசிக்கவேயில்லை. மேசைக்கு அடியில் அண்ணன் கையில் வைத்து அழுத்தினேன். அந்தக் கை ஈரமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐந்நூறு” என்றார் விளக்கிடம். கைதட்டல் வீடு நிறைந்தது.

மொய் எழுதும் இடத்தில் ஒருவன் கை சுருங்கி நின்றால், பக்கத்தில் நிற்பவன் செய்வது இதுதான். எங்கள் ஊரில் இதைச் செய்யாதவனைத்தான் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு வேறு பெயர்: பிறர் பெயரில் நன்கொடை. கொடுத்தவன் வெளிநாட்டான் என்றால் அது தனியாக இன்னொரு குற்றம். இதைப் பற்றிக் கம்பெனியில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டி, பரீட்சை வைத்து, சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழை என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அது நினைவுக்கு வந்தபோது அண்ணன் என்னை வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்திருந்தார்.

“நாளைக்கே அந்தப் பணத்த பாங்குல கட்டிருதேன். உனக்கு அடுத்த மாசம் தந்துருவேன்,” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ஏல, இது உங்க ஊரு மொய்யி மாதிரில்லா இருக்கு?”

நான் அசடு வழிந்தபடி வீரையன் கதையைச் சொன்னேன். அண்ணனுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. மைக்கை மூடுவது போலக் கையைக் குவித்துப் பார்த்துக்கொண்டார். வீரையனை எழுதியதும் நான்தான், நிறுத்தியதும் நான்தான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அந்த ஐந்நூறு எங்கே போனது என்று டெனிஸிடம் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“ஒரு டாலர் வந்தா அதுல பாதிக்கு மேல அடுத்த டாலர் கேக்கறதுக்கே போயிரும். விளக்கு, ஆள் பட்டியல், உங்க சம்பளம். மிச்சம் டிவிக்கு. விளம்பரத்துக்கு நேரம் வாங்கிக் குடுக்கிறவருக்குக் கமிஷன் வேற.”

“ஐந்நூறு டாலருக்கு டிவியில என்ன கிடைக்கும்?”

“கிளீவ்லாந்துல, ராத்திரி செய்தி நேரத்துல?” விரலால் கணக்குப் போட்டார். “முழுசா ஒரு செகண்ட் வராது.”

அன்று வீட்டில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஹாலண்ட் வயலோரம் நடக்கிறார், கூடவே ஒரு நாய். ஒரு விநாடிக்குள் நாய் ஒரு தடவை வாலை ஆட்டுகிறது. அடுத்து எதிராளியின் விளம்பரம் வந்தது. அவரும் வயலோரம்தான் நடந்தார். அவருக்கும் விளக்கு விற்றது எங்கள் கம்பெனிதான், வேறு நிறத்தில், வேறு பெயரில்.

ஹாலண்ட் ஒரு தடவை ஆபீசுக்கு வந்தார். நிஜ ஹாலண்ட். விளக்கில் தெரிவதைவிடக் குள்ளம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. எல்லோரும் கை குலுக்கிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நேத்து நான் நாலாயிரம் வீட்டுல சாப்பிட்டேனாமே. அங்கே என்ன சொன்னேன்?”

“நல்லாத்தான் பேசினீங்க” என்றேன்.

“யாராவது ‘முடியாது’ன்னு சொன்னாங்களா? சொன்னா நான் என்ன பண்றேன்?”

எனக்குப் பதில் தெரியும். ‘பரவாயில்லை, எவ்வளவானாலும் சரி’ என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று விநாடி காத்திருப்பார். அந்த வாக்கியத்தையும் நான்தான் எழுதினேன். “புரிஞ்சுக்கிறீங்க” என்று சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

தேர்தலில் ஹாலண்ட் தோற்றார். சொன்ன மாதிரியே அண்ணன் பணம் கொண்டுவந்தபோது, அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று நான் திருப்பி அனுப்பினேன். பெரிய மனசு என்று நினைப்பு. ஜனவரியில் மத்திய அரசிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. சம்பளத்துக்கு மீறிக் கொடுத்தவர்களை விசாரிக்கிறார்கள். அண்ணனுக்கும் வந்தது. விளக்கு பதிந்த படங்கள் விசாரணைக்குப் போயிருந்தன. அதில் என் கை மேசைக்கு அடியில் போவது தெளிவாகத் தெரிந்ததாம்.

முதல் நாள் விசாரணைக்குப் போய் வந்த அண்ணன் காரில் உட்கார்ந்தபடியே சொன்னார். நான்தான் ஓட்டிக்கொண்டு போயிருந்தேன்.

“அவன் உமக்கு என்ன தந்தாம்னு கேட்டானுவ. என்ட்ட வாங்கின கடனத் திருப்பித் தந்தாம்னு சொல்லிட்டேன்.”

“அண்ணே, நான் போய் உண்மையச் சொல்லிடுறேன்.”

“சொல்லிட்டு? உன் கார்டு வாற நேரம். உன்னைய ஏத்தி அனுப்பிருவான். நான் சிட்டிசன். என்னைய எந்த ஊருக்கு அனுப்புவான்?” என்று சிரித்தார். “வாயத் தொறக்காத. வண்டிய எடு.”

வண்டியை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது போகவேயில்லை.

விசாரணை நிலுவையில் இருக்கும் ஆளைப் பிள்ளைகள் போகும் பஸ்ஸில் வைக்கக் கூடாது என்று ஒரு விதி. அண்ணனை நிறுத்தி வைத்தார்கள். அவரை நிறுத்திய கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அதே சூப்பர்வைசர். ஐந்து மாதம் கழித்து, சாட்சி போதவில்லை என்று விசாரணையை மூடினார்கள். அதற்குள் பஸ் வேறு ஆளுக்குப் போயிருந்தது. அண்ணன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனார், மணிக்குப் பதினேழு டாலர். ஜெசிந்தா அக்கா இரண்டு ஷிப்ட் பார்த்தார். மாடி வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே ஒற்றை அறைக்குப் போனார்கள். சாமான் ஏற்ற நான் போனேன். அக்கா என்னிடம் பேசவில்லை, பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வருஷக் கடைசியில் என் கிரீன் கார்டு தபாலில் வந்தது. என் மனைவி மேகலா தபால் உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். விருந்து வைத்தே தீர வேண்டும் என்றாள். இருபது பேருக்கு மட்டன் பிரியாணி. ஊரிலிருந்து என் தம்பி குடும்பம் வந்து உட்காரட்டும் என்று மேசை நடுவில் விளக்கை ஏற்றி வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டும்; சொல்லவில்லை.

ஜெரால்டு அண்ணன் தனியாக வந்தார். அக்காவுக்கு ஷிப்ட் என்றார். எனக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

தம்பி பேசி முடித்துப் போன கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாகவே நிறம் மாறியது. ஹாலண்ட் வந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷம் ஆளுநர் தேர்தலுக்கு நிற்கிறார். சுற்றி முப்பத்தொன்பது வீடும் தெரிந்தது: ஆபீஸ் ஆட்கள், சங்கத்துத் தலைவர், டெனிஸ்கூட. கிரீன் கார்டு வாங்கிய பட்டியல் விளக்குக்கு உடனே போய்விடும்படி ஏற்பாடு. அதை யார் செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

“நீல், வாழ்த்துகள்! இன்னையிலிருந்து நீங்களும் எங்களோட சேரலாம். நீலகண்டன் வீடு!”

ஒன்று.

கொடுக்க என்னிடம் பணம் இருந்தது. ஐந்நூறு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொகையை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, டெனிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. மூன்று. இருபது விருந்தாளிகளும் தட்டைப் பார்த்தார்கள். காது இரண்டும் எரிந்தன. இத்தனை லட்சம் பேருக்கு நான் செய்தது இதுதான் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது.

“பரவாயில்லை,” என்றார் ஹாலண்ட் கனிவாக. “எவ்வளவானாலும் சரி.”

அண்ணன் எழுந்தார். குனிந்து, உள்ளங்கையை விரித்து, விளக்கின் மேல் வைத்து அழுத்தி மூடினார். ஹாலண்டின் முகம் உடைந்து சுவரெல்லாம் சிதறியது. அவர் குரல் பானைக்குள் பேசுவது போல ஆனது.

“நீலகண்டன் வந்தாச்சு,” என்று அண்ணன் விளக்கிடம் தமிழிலேயே சொன்னார். “அடுத்த ஆளப் பாரு.”

பிறகு என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். “நீ கத சொன்ன பொறவு எங்க வீட்டு மேசையிலயே தேடிப் பாத்தேன்லா. அந்த வீரையன் எங்கன்னு. ஆளக் காணோம்.”

அவர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

“இத உள்ள கொண்டு வச்சிட்டு வா. தொகைய வாசிக்காத. அதுவரைக்கும் நான் பிடிச்சிருக்கேன்.”

சமையலறைக்குப் போய்ப் பிரித்தேன். ஐந்நூற்று ஒரு டாலர். பாதி பத்தும் ஐந்துமாகக் கசங்கிய நோட்டுகள், மேலே புதிதாக ஒற்றை டாலர். திருப்பிச் செய்யும்போது கூடப் போட்டுச் செய்ய வேண்டும் என்பதை நான்தான் எப்போதோ அவருக்குச் சொல்லியிருக்கிறேன். மணிக்குப் பதினேழு டாலர் என்றால் இது முப்பது மணி நேரப் பெட்டி. கவர் மேல் ‘ஜெரால்டு’ என்று பெயர் மட்டும் இருந்தது. நான் அங்கேயே அழுதேன். அழுதது யாருக்கும் தெரியக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன். அப்போதும் எனக்கு அந்தக் கவலைதான்.

திரும்பி வந்தபோது அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். விளக்கு ஏற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“அண்ணே, சுடும். கைய எடுங்க.”

“சுடத்தான் செய்யுது. அடுத்த வீட்டுக்குப் போயிட்டானான்னு பாரு.”

“போயாச்சு.”

கையை எடுத்தார். வலது உள்ளங்கை கன்றிச் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. அதைப் பேண்ட்டில் ஒரு தடவை தேய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“சோத்தப் போடுல” என்றார்.

போட்டேன். குழம்புச் சோற்றைக்கூட ஸ்பூனால் தொடாத மனுஷன், அன்று இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, சிந்திச் சிந்திச் சாப்பிட்டார்.